பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு: எப்படி அளப்பது, கர்ப்பப்பை இறுகியும் நிற்காவிட்டால் என்ன செய்வது?

இரவுப்பணி (கேள்வி)

ஆரம்ப சுகாதார நிலைய லேபர் ரூம். இரவில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு உதவியாளர் அம்மா, அவ்வளவுதான். டாக்டர் போனில் கிடைப்பார், நேரில் வந்து சேர அரை மணி நேரம் ஆகும். சீமாங்க் சென்டருக்கு (அவசரப் பிரசவ சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனை) 108-இல் போக 40 நிமிடம். இந்த நிலைமையை மனதில் வைத்து சீனியர் சிஸ்டர்களும் டாக்டர்களும் பதில் சொல்லுங்கள்.

முதல் சந்தேகம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும். தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்துத்தான் வெட்ட வேண்டும். குழந்தையைத் துடைக்கவும் வேண்டும். இருப்பது இரண்டே கை. எது முன்னே, எது பின்னே?

இரண்டாவது, கேஸ் ஷீட்டில் ரத்த இழப்பு என்ற இடத்தில் எல்லோருக்கும் "200 மி.லி." என்றே எழுதுகிறார்கள். துணியில் கொஞ்சம், பஞ்சில் கொஞ்சம், தரையில் கொஞ்சம், பனிக்குட நீரும் கலந்து. உண்மையில் எப்படி அளப்பது?

மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது. நஞ்சு (நஞ்சுக்கொடி) முழுசாக வந்துவிட்டது, கர்ப்பப்பை கல் மாதிரி இருக்கிறது, ஆனாலும் சிவப்பாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்றால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருப்பதா?

கடைசியாக, ரெஃபர் பண்ண முடிவெடுத்த பிறகு வண்டி வரும் வரை என்னென்ன செய்யலாம்?

பேறுகால ஆசிரியை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதை லேபர் வார்டில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

இரண்டு கையால் சமாளிக்க முடியும். வேலையில் பாதியைக் குழந்தையின் தலை தெரிவதற்கு முன்பே முடித்து வைக்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஆக்சிடோசின் 10 யூனிட்டை சிரிஞ்சில் ஏற்றி, மருந்தின் பெயரும் அளவும் எழுதி ஒட்டி, ட்ரேயில் வையுங்கள். ஆம்பூலைப் படிக்காமல் உடைக்காதீர்கள். ஒரு ஆம்பூலில் 5 யூனிட் வருவதும் உண்டு, அப்போது இரண்டு வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டுப் "பத்து யூனிட் கொடுத்தாச்சு" என்று எழுதுவது சாதாரணமாக நடக்கும் தப்பு.

குழந்தை வெளியே வந்ததும் நேராக அம்மாவின் வயிற்றில் போட்டுத் துடையுங்கள், ஈரத் துணியை எடுத்துவிட்டுக் காய்ந்த துணியால் இருவரையும் சேர்த்து மூடுங்கள். கொடி அப்படியே இருக்கட்டும். அடுத்து வயிற்றில் கை வைத்து இரண்டாவது குழந்தை இல்லை என்று பாருங்கள். இல்லை என்று உறுதியானதும் தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசி. இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். தசையில் போட்ட ஆக்சிடோசின் வேலை செய்ய 2 முதல் 3 நிமிடம் எடுக்கும், அந்த இடைவெளியில் கொடியின் துடிப்பும் அடங்கிவிடும். கையுறையை மாற்றிக்கொண்டு கிளாம்ப் போட்டு வெட்டலாம். ஆக, ஊசியும் கொடியும் ஒன்றோடொன்று இடிப்பதே இல்லை. துடைத்தும் குழந்தை மூச்சு விடவில்லை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே வெட்டி, மூச்சு ஊட்டும் பேக் மாஸ்க் பக்கம் போய்விடுங்கள்.

நஞ்சை எடுப்பதில் நடக்கும் தப்புகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வருபவை. கிளாம்பை பெரினியத்துக்கு (யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) பக்கமாக நகர்த்திப் பிடியுங்கள். இன்னொரு கை அந்தரங்க எலும்புக்கு மேலே இருந்து கர்ப்பப்பையைத் தலைப்பக்கமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். அடுத்த வலி வந்து கர்ப்பப்பை உருண்டு இறுகும் போது மட்டும் கொடியைக் கீழ்நோக்கி ஒரே சீராக இழுங்கள், வெடுக்கென்று அல்ல. 30, 40 வினாடியில் இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த சுருக்கம் வரட்டும். மேல் கையின் பிடி இல்லாமல், தளர்ந்த கர்ப்பப்பையில் கொடியை இழுத்தால் கர்ப்பப்பையே உள்பக்கம் வெளியாகத் திரும்பி வந்துவிடும். வயிற்றில் மேல்விளிம்பு தட்டுப்படாது, யோனியில் ஒரு கட்டி தெரியும், போன ரத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு அந்தப் பெண் துவண்டுவிடுவாள். அப்படி ஆகிவிட்டால் ஒட்டியிருக்கும் நஞ்சைப் பிய்க்காதீர்கள். ஆக்சிடோசின் டிரிப் ஓடினால் நிறுத்திவிட்டு, அந்த நிமிடமே உள்ளங்கையால் மேலே தள்ளிவிட வேண்டும். தாமதித்தால் கர்ப்பப்பை வாய் இறுகிவிடும், பிறகு மயக்க மருந்து இல்லாமல் உள்ளே போகாது.

நஞ்சு வந்த பின் அதை ட்ரேயில் போட்டு ஒதுக்கிவிடாமல் விரித்துப் பாருங்கள். தாய்ப்பக்கத்துத் துண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, சவ்வு முழுசா, ஓரத்தில் எங்காவது ரத்தக்குழாய் சவ்வுக்குள் ஓடி அறுந்து நிற்கிறதா? அப்படி அறுந்து நின்றால் துணைத்துண்டு ஒன்று உள்ளே தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

தாமரைக்குளம்

டீச்சர் சொன்னது சரிதான், ஆனால் குழந்தையின் முன்தோள் வெளியே வரும்போதே ஊசி போட்டுவிட்டால் நேரம் மிச்சமாகுமே? பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அதோடு கர்ப்பப்பையை இறுக்கும் இன்னொரு ஊசியான மெதர்ஜினும் போட்டுவிட்டால் ரத்தப்போக்குப் பயமே இல்லை.

பேறுகால ஆசிரியை

இரண்டுக்குமே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முன்தோளோடு போடுவது பழைய வழக்கம். உள்ளே இன்னொரு குழந்தை இருந்தால் அந்த 10 யூனிட் அதை நசுக்கிவிடும். ஸ்கேன் பார்த்தாயிற்றே என்று நினைக்கலாம். எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும் நம் கைக்கு வந்து சேர்வதில்லை. பின்தோள் மாட்டிக்கொண்டாலும் ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. இதில் மிச்சமாவது அரை நிமிடம்தான்.

மெதர்ஜின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் கூடியிருப்பவர், கர்ப்பகால வலிப்பு அபாயம் உள்ளவர், இதய நோயாளி ஆகியோருக்குப் போடவே கூடாது. நஞ்சு வருவதற்கு முன் போட்டால் கர்ப்பப்பை மூடி இறுகி நஞ்சை உள்ளேயே சிறைவைத்துவிடும். தடுப்புக்கு ஆக்சிடோசின் மட்டும் போதும். ஆக்சிடோசின் கொடுத்த பிறகு, இறுகியிருக்கும் கர்ப்பப்பையை விடாமல் தேய்ப்பதற்கும் தேவை இல்லை. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் மட்டும் தேய்த்தால் போதும். ஆக்சிடோசின் 10 யூனிட்டை நீர்க்காமல் நரம்பில் ஒரேயடியாக ஏற்றுவதும் கூடாது, அழுத்தம் சடாரென்று விழும்.

லேபர்வார்டு இன்சார்ஜ்

200 மி.லி. கதைக்கு வருகிறேன். இந்த ஒரு எண்தான் ஆளைக் கொல்கிறது. பிரசவம் பார்த்தவரின் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும். ரத்தம் அதிகமாகப் போகப்போக அந்தக் குறைவும் அதிகமாகும்.

அளவு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு (டிரேப்) இருந்தால் அதுதான் முதல் தேர்வு. புனல் மாதிரி கீழே பை தொங்கும், பையில் கோடு போட்டிருக்கும். குழந்தை பிறந்து பனிக்குட நீர் வடிந்த பிறகு இடுப்புக்கு அடியில் செருகுங்கள். முன்பே போட்டால் தண்ணீரை அளந்துகொண்டிருப்பீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் அடியில் இருக்கட்டும், போக்கு நிற்கவில்லை என்றால் இரண்டு மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து கோட்டைப் படித்து எழுதுங்கள். இந்த விரிப்பு ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. கர்நாடகத்தில் பெலகாவி மாவட்டத்துக் கிராமப் பிரசவங்களில் மிசோபிராஸ்டால் (கர்ப்பப்பையை இறுக்கும் மாத்திரை) ஆய்வு நடந்தபோது (2006-இல் முடிவு வெளியானது) இதே மாதிரி விரிப்பை வைத்துத்தான் ரத்தத்தை அளந்தார்கள்.

விரிப்பு ஸ்டாக் இல்லையா, எடை போடுங்கள். காய்ந்த பேட், காய்ந்த மாப் (ரத்தம் ஒற்றும் துணி) ஒவ்வொன்றின் எடையையும் ஒருமுறை பார்த்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். நனைந்ததை ஒரு பையில் போட்டு, குழந்தை எடை பார்க்கும் டிஜிட்டல் தராசில் பாலித்தீன் விரித்து வைத்து, காய்ந்த எடையைக் கழியுங்கள். மிச்சம் எத்தனை கிராமோ, ஏறத்தாழ அத்தனை மி.லி.

தராசும் கைக்கு எட்டவில்லை என்றால் கண்ணுக்கு ஒரு அளவுகோல் கொடுக்கலாம். முழுக்க ஊறிய சானிட்டரி பேட் சுமார் 100 மி.லி. 45 செ.மீ. சதுர மாப் ஊறினால் 350. கிட்னி ட்ரே நிறைந்தால் 500. தரையில் 50 செ.மீ. அகலத்துக்குக் குட்டை கட்டினால் 500, 75 செ.மீ. என்றால் 1000, ஒரு மீட்டர் என்றால் 1500. குட்டை இரண்டு மடங்கு அகலமானால் ரத்தம் மூன்று மடங்கு ஆகிறது பாருங்கள், கண் ஏமாறும் இடம் அதுதான்.

இன்னொன்று. பேட்டை எடுத்து வாளியில் போடும் உதவியாளர் அம்மாவிடம் "எண்ணிக்கொண்டே போடுங்கம்மா, தூக்கி எறியாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கழுவிவிட்ட தரையிலிருந்து எதையும் அளக்க முடியாது.

இரவுப்பணி

ரொம்ப நன்றி மேடம். எத்தனை மி.லி. ஆனதும் பயப்பட வேண்டும்? 500 என்று படித்தோம். நம்மிடம் வரும் அம்மாக்களில் பலருக்கு ஹீமோகுளோபின் 8, 9 தான், எடை 45 கிலோ. அவர்களுக்கும் 500 வரை காத்திருக்கலாமா?

மகப்பேறு மருத்துவர்

காத்திருக்கக் கூடாது சிஸ்டர். 500 மி.லி. என்பது எல்லோருக்கும் பொதுவான வரம்பு. 300 தாண்டியதும் நாடி, ரத்த அழுத்தம், கர்ப்பப்பை இறுக்கம், ஒழுக்கின் வேகம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலே சிகிச்சை ஆரம்பித்துவிட வேண்டும். ரத்தச்சோகை உள்ளவருக்கு இன்னும் முன்னதாகவே. 45, 50 கிலோ பெண்ணின் உடலில் நிறைமாதத்தில் நாலரை லிட்டர் அளவுக்குத்தான் ரத்தம் இருக்கும், அதிலும் ஹீமோகுளோபின் குறைவு. அவளுக்குப் போகும் அரை லிட்டர் வேறு ஒருவருக்குப் போகும் அரை லிட்டர் அல்ல.

பி.பி. நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் ஆபத்து. ஆரோக்கியமான கர்ப்பிணியின் உடல் ஒரு லிட்டர் போகும் வரை கூட மேல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், அதன் பிறகு ஒரேயடியாகக் கைவிடும். நாடிதான் முதலில் ஏறும். நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். நாடி 108, மேல் அழுத்தம் 110 என்றால் 0.98. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே பெரிதாகப் பயமுறுத்தாத எண்கள். ஆனால் 0.9-ஐத் தொட்டாலே அந்தப் பெண் உங்கள் நிலையத்தில் இருக்க வேண்டியவள் அல்ல.

இப்போது முக்கியமான விஷயம். நாம் கற்றுக்கொண்ட முறை ஏணி மாதிரி: முதலில் தேய், நிற்கவில்லையா டிரிப் போடு, அதற்கும் நிற்கவில்லையா அடுத்த மருந்து. ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் நின்று பார்ப்போம். ரத்தம் அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. அளவு விரிப்பால் அளப்பது, வரம்பைத் தொட்டதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் கொடுப்பது, இவ்வளவுதான் அங்கே மாற்றிக்கொண்டது. ஒரு லிட்டருக்கு மேல் போவது, ரத்தப்போக்குக்காக வயிற்றைத் திறப்பது, ரத்தப்போக்கால் இறப்பது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதத்திலிருந்து 1.6-க்கு இறங்கியது. வழக்கமான முறையில் ரத்தப்போக்குகளில் பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள். அளந்தபோது 93 சதவீதம். புது மருந்து எதுவுமே இல்லை.

உங்கள் இடத்தில் அது இப்படி இருக்கும். குரல் கொடுத்து ஆள் கூப்பிடுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரை லைனில் வைத்துக்கொண்டே வேலை பாருங்கள். ஒரு கை கர்ப்பப்பையைத் தேய்த்துக் கட்டியை வெளியேற்றட்டும். பச்சை நிற வென்ஃபிளானோ (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) சாம்பல் நிறமோ, அதாவது 18 அல்லது 16 கேஜ், ஒன்று போடுங்கள். முடிந்தால் மறு கையிலும் ஒன்று. நீல நிறத்தில் வேகமாக ஏறாது. ஊசி குத்தும்போதே குரூப்பிங்குக்கு ரத்தம் எடுத்துவிடுங்கள். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் திரவம்) ஒரு லிட்டரில் ஆக்சிடோசின் 20 யூனிட், நிமிடத்துக்கு 60 சொட்டு. மற்ற கையில் வெறும் ஆர்.எல். வேகமாக. ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், 500 மி.கி. ஆம்பூல் என்றால் இரண்டு, நரம்பில் 10 நிமிடம் எடுத்து மெதுவாக. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், முந்தினால் பலன் அதிகம். 30 நிமிடம் கழித்தும் போக்கு நிற்கவில்லை என்றால் இன்னொரு கிராம். ஃபோலி குழாய் போட்டுச் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை வலப்பக்கம் தூக்கித் தள்ளிவிடும், அந்த நிலையில் எந்த மருந்துக்கும் அது இறுகாது. கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே, வலப்புறம் ஒதுங்கி இருந்தால் முதல் சந்தேகம் இதுவாகவே இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் தளர்ந்தே இருந்தால் அடுத்த மருந்து. பி.பி. சரியாக இருந்தால் மெதர்ஜின் 0.2 மி.கி. தசையில். ஆஸ்துமா இல்லை என்றால் கார்போபிராஸ்ட் 250 மைக்ரோகிராம் தசையில், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை போடலாம், மொத்தம் 8 தடவைக்கு மேல் கூடாது, நரம்பில் ஏற்றவே கூடாது. இரண்டும் முடியாதவருக்கு மிசோபிராஸ்டால் 800 மைக்ரோகிராம், 200 மாத்திரை நான்கு, நாக்குக்கு அடியில். நடுக்கமும் கடுங்காய்ச்சலும் வரும், மருந்தால் வருவது என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: கல் மாதிரி இறுகிய கர்ப்பப்பை, நிற்காத சிவப்பு ரத்தம். தேய்ப்பதால் ஒரு பயனும் இல்லை, தேய்க்கும் நேரம் வீண். காரணங்களை நாலு வார்த்தையில் நினைவு வையுங்கள்: சுருக்கம், கிழிசல், மிச்சம், உறைதல். சுருக்கம் சரியாக இருக்கிறது, நஞ்சும் முழுசு என்றால் கிழிசலைத் தேடுங்கள். நல்ல வெளிச்சம், ஒரு ஸ்பெகுலம், இரண்டு ஸ்பாஞ்ச் ஹோல்டிங் ஃபோர்செப்ஸ் வேண்டும். டார்ச்சை வைத்துக்கொண்டு பார்க்கும் வேலை அல்ல இது. கர்ப்பப்பை வாயின் விளிம்பை ஒரு ஃபோர்செப்ஸால் பிடித்து, அடுத்ததை அதற்குப் பக்கத்தில் போட்டு, முதலாவதை விடுவித்து, இப்படியே கடிகாரச் சுற்றில் முழு வட்டமும் பார்க்க வேண்டும். கிழிசல் பெரும்பாலும் 3 மணி, 9 மணி இடங்களில் இருக்கும். கிழிசலின் உச்சி தெரிந்தால் அதற்கு அரை செ.மீ. மேலே முதல் தையல், ஏனென்றால் அறுந்த குழாய் மேல்பக்கம் சுருங்கிப் போயிருக்கும். உச்சி தெரியவில்லையா, கிழிசல் கர்ப்பப்பைக்குள் ஏறியிருக்கலாம். குருட்டுத்தையல் போடாதீர்கள், யோனியில் துணியை நன்றாக அடைத்து (பேக் செய்து) அனுப்புங்கள். வைத்த துணிகளின் எண்ணிக்கையைக் கடிதத்தில் எழுத வேண்டும்.

கிழிசலும் இல்லை, ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, ஊசி குத்திய இடத்திலும் கசிகிறது என்றால் உறைதல் கெட்டிருக்கிறது. அதை அறிய லேப் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து உள்ளங்கைச் சூட்டில் மூடிப் பிடியுங்கள். 4 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள், பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை. 7 நிமிடம் ஆகியும் உறையவில்லை, அல்லது உறைந்தது தொட்டால் உடைகிறது என்றால் அவளுக்குத் தேவை ரத்தமும் பிளாஸ்மாவும். போனிலேயே சீமாங்க் சென்டருக்கு அதைச் சொல்லிவிடுங்கள்.

மருந்து அறை

ஸ்டோர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஊசி போட்டும் கர்ப்பப்பை இறுகவில்லை என்றால் அந்த ஆம்பூல் எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். காலை ரவுண்டில் எடுத்து ட்ரேயில் போட்டு, மே மாத வெயிலில் நாள் முழுக்கக் கிடந்து, மாலை மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போன ஆம்பூல் பார்வைக்குப் புதிது மாதிரியே இருக்கும். ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில் வைக்க வேண்டாம், உறையவைக்கவும் வேண்டாம். பிரசவம் நெருங்கும்போது ஐஸ் பேக் போட்ட சின்னப் பெட்டியில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். மெதர்ஜினும் கார்போபிராஸ்டும் அதே குளிரில்தான். மெதர்ஜினுக்கு வெளிச்சமும் ஆகாது, திரவத்தில் நிறம் தட்டினால் போடாதீர்கள். மிசோபிராஸ்டாலுக்கு எதிரி ஈரம். பட்டையை வெட்டி மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது.

டிரானெக்ஸாமிக் ஆம்பூலை முதுகுத்தண்டு மயக்க ஊசியான புபிவாக்கைன் இருக்கும் தட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். முதுகுத்தண்டில் மாறிப் போனால் வலிப்பு வந்து உயிரே போகும். அறுவை அரங்கு உள்ள இடங்களுக்கு இது முக்கியமாகப் பொருந்தும்.

108 அனுபவசாலி

வண்டி வரும் வரை என்ன செய்வது என்ற கேள்விக்கு.

108-க்குப் போன் செய்வதைக் கடைசி வேலையாக வைக்காதீர்கள். வரம்பைத் தொட்டதுமே கூப்பிடுங்கள். ரத்தம் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புவதில் தவறே இல்லை.

தளர்ந்த கர்ப்பப்பை என்றால் இரு கை அழுத்தம். முழங்கை வரை வரும் நீளக் கையுறை போட்டு ஒரு கையை யோனிக்குள் விட்டு, முஷ்டி மடக்கி, கர்ப்பப்பை வாய்க்கு முன்பக்கம் வைத்து மேலே அழுத்துங்கள். மற்ற கை வயிற்றின் மேல், கர்ப்பப்பைக்குப் பின்னால் ஆழமாக இறங்கி அதை முஷ்டியை நோக்கி அழுத்தட்டும். கை ஓய்ந்துபோகும், அதனால் ஆள் மாற்றி ஆள். யாரும் இல்லை என்றால் வயிற்றுப் பெருந்தமனியை அழுத்தலாம்: தொப்புளுக்குச் சற்று மேலே, கொஞ்சம் இடப்பக்கமாக முஷ்டியால் நேர் கீழே முதுகெலும்பை நோக்கி. சரியாக அழுத்துகிறீர்களா என்பதைத் தொடை மடிப்பு நாடி சொல்லும், அது மறைய வேண்டும்.

ஆணுறை பலூன் வைக்கப் பயிற்சி பெற்றவர்கள் ஃபோலி குழாயின் முனையில் ஆணுறையை நூலால் இறுகக் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து 300 முதல் 500 மி.லி. நார்மல் சலைன் ஏற்றலாம். கிழிசல் இல்லை, மிச்சம் இல்லை என்று பார்த்த பிறகுதான்.

என்.ஏ.எஸ்.ஜி. உடுப்பு (காலையும் வயிற்றையும் இறுக்கி ரத்தப்போக்கைக் குறைக்கும் பட்டைகள் கொண்டது) இருந்தால் மாட்டுங்கள். கணுக்காலிலிருந்து தொடங்கி மேலே: கணுக்கால், கெண்டை, தொடை, அப்புறம் இடுப்பு, கடைசியாகப் பந்து உள்ள வயிற்றுப் பட்டை. வயிற்றிலிருந்து தொடங்கினால் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளுகிறீர்கள். ஒவ்வொரு பட்டையும் விரலால் சுண்டினால் டப்பென்று ஒலிக்கும் இறுக்கம் வேண்டும். வயிற்றுப் பட்டையை மட்டும் மூச்சு முட்டாத அளவுக்கு. மாட்டிய பின்னும் யோனிப் பரிசோதனை, தையல் எல்லாம் செய்யலாம்.

போய்ச் சேர்ந்த இடத்தில் பி.பி. ஏறியதும் யாராவது அதைக் கழற்றப் பார்ப்பார்கள். விடாதீர்கள். ரத்தப்போக்கு நின்று, நாடியும் அழுத்தமும் 2 மணி நேரம் நிலையாக இருந்த பிறகுதான் கழற்றலாம், அதுவும் கணுக்காலிலிருந்து, ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் 15 நிமிடம் விட்டு. மேல் அழுத்தம் 20 இறங்கினாலோ நாடி 20 ஏறினாலோ உடனே திரும்ப மாட்டிவிட வேண்டும்.

வண்டியில் ஒரு நர்ஸ் கூடப் போவது அவசியம். டிரிப் ஓட வேண்டும், போர்வை வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், குழந்தையும் அம்மாவோடு. கடிதத்தில் பிரசவ நேரம், நஞ்சு வந்த நேரம், அளந்த ரத்தம், கொடுத்த ஒவ்வொரு மருந்தும் கொடுத்த மணியும். மணியை எழுதாமல் "டிரானெக்ஸாமிக் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அங்கே இருப்பவர் அடுத்த டோஸுக்கான நேரக் கணக்கை எப்படிப் போடுவார்?

இரவுப்பணி

அனைவருக்கும் நன்றி. இன்னொன்றே ஒன்று. ரத்தம் வெளியே வரவே இல்லை, பேட் காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் நாடி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, அந்த அம்மா "கீழே தாங்க முடியவில்லை, மலம் வருகிற மாதிரி இருக்கிறது" என்கிறார். இது தையல் வலிதானா?

லேபர்வார்டு இன்சார்ஜ்

தையல் வலி என்று வலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். ஆசனவாயை அழுத்தும் வலி, ஏறும் நாடி, காய்ந்த பேட் மூன்றும் சேர்ந்தால் யோனிச் சுவருக்குள் ரத்தக்கட்டு வளர்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கையுறை போட்டு விரலால் பாருங்கள், ஒரு பக்கம் நீலம் பாய்ந்து பந்து மாதிரி, தொட்டாலே துள்ளுவார். யோனியின் மேல்பக்கத்தில் இருந்தால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது, விரலுக்கு மட்டும்தான் தட்டுப்படும். தையல் போடும்போது உச்சியை விட்டுத் தைத்தால் இது வரும், தையலே இல்லாதவருக்கும் வரும். இரண்டு வென்ஃபிளான், ஃபோலி (ரத்தக்கட்டு அழுத்துவதால் சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும்), டாக்டருக்குப் போன், 108. அங்கேயே கீறிவிட முயல வேண்டாம்.

முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி, பி.பி., கர்ப்பப்பை, பேட் நான்கையும் பார்த்து எழுதினால் இது தப்பாது. எட்டுத் தடவை. குழந்தையை மார்பில் போட்டுப் பால் குடிக்க வைத்திருக்கும் நேரமும் அதுவேதான், அதனால் "தாயும் சேயும் நலம்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகத் தோன்றும். கூட இருக்கும் பிரசவத் துணைவரிடம் "பேட் நனைந்தால், தலை சுற்றுகிறது என்றால், கீழே அழுத்துகிறது என்றால் உடனே கூப்பிடுங்கள்" என்று மூன்றே மூன்று விஷயம் சொல்லி வையுங்கள். முதல் தடவை பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது தனியாக விடாதீர்கள். உட்கார்த்தி வைத்து இரண்டு நிமிடம் நாடி பார்த்துவிட்டு எழுந்து நிற்க வையுங்கள்.